பிரகதீஸ்வரி அண்ணனை அடிக்கவில்லை

காதணி விழாவில் பிரகதீஸ்வரி தன் அண்ணனை அடித்தாள் என்ற பேச்சு குத்தாலம் கடைத்தெருவரை போயிருக்கிறது. அவள் அடிக்கவில்லை. காது குத்த வந்த பத்தரின் ஊசியைப் பிடுங்கிக் கோயில் குளத்தில் எறிந்தாள் என்கிறார்கள். அந்தக் கோயிலுக்குக் குளமே கிடையாது. சாமி வந்து ஆடினாள் என்று ஒருவர் என்னிடமே வந்து சொன்னார். அவர் அன்று ஊரிலேயே இல்லை. பேராவூரணியில் மகள் வீட்டில் இருந்தார். நல்ல நேரம் தவறிவிடக் கூடாது என்று என்னைக் கடிகாரத்தோடு பத்தருக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எழுதும்போது கோபம் வருகிறது. அதை மறைக்கப் போவதில்லை.

பிரகதீஸ்வரி எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரி. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால். அதைத் தாண்டினால் அவளுடைய நாற்றங்கால். நடவு மெஷினுக்குப் பாய் நாற்று வளர்த்துக் கொடுப்பது அவள் தொழில். பிளாஸ்டிக் விரிப்பின்மேல் மரச்சட்டம் வைத்து, சலித்த மண்ணும் எருவும் பரப்பி, முளைகட்டிய விதையைத் தூவி, வைக்கோல் மூடி, பூவாளியால் தண்ணீர் தெளித்து வளர்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் வேர்கள் பின்னிக்கொண்டு, பாயைப்போல் சுருட்டி எடுக்க வரும். நாள் தவறி முற்றிவிட்டால் மெஷின் அந்த நாற்றை ஒடித்துப் போட்டுவிடும்.

ஒரு குறுவையில் மெஷின்காரர் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று இழுத்தடித்துவிட்டு, நாற்று முற்றிய பிறகு வந்து நின்றார். அவள் கொடுக்க மறுத்துவிட்டாள்.

"நாத்து என்ன ஃபிரிட்ஜில வச்ச தயிரா, நீங்க வர்ற வரைக்கும் அப்படியே இருக்க? இத நட்டுட்டு நீங்க போயிடுவீங்க. வயல்காரன் என் வாசல்ல வந்துல்ல நிப்பான்? மெஷின ஓட்டிக்கிட்டுக் கெளம்புங்க."

வரப்பில் நின்று அவள் போட்ட சத்தம் என் வீட்டுக் கொல்லைவரை கேட்டது. பாடுபட்டு வளர்த்த நாற்றை அள்ளி மாட்டுக்குப் போட்டாள். அன்றிலிருந்து ஊரில் அவளுக்குக் கோபக்காரி என்று பெயர். கோபப்படும்படி செய்தவரின் பெயர் இப்போது யாருக்கும் ஞாபகமில்லை.

அவள் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது தாய் இறந்துவிட்டார். தகப்பனார் தங்கையன் குத்தகை நிலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவளை வளர்த்தது அண்ணன் ராம்கிதான். கோணல்மாணலாக அவளுக்குத் தலை பின்னிவிட்டவன் அவன். வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்துவிட்டால் தோளில் தூக்கி அக்கரையில் இறக்கிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவான். அவளைப் பெயர் சொல்லி அவன் கூப்பிட்டதே இல்லை. 'பாப்பா'தான். பிறகு சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்துக்கு வெல்டிங் வேலைக்குப் போனான். அவளுக்குக் கல்யாணம் நடந்ததும் அவன் உழைப்பில்தான். மாப்பிள்ளை எங்கள் ஊர் வளவன். அறுப்பு மெஷின் ஓட்டுகிறவன். சீசன் வந்தால் மாதக்கணக்கில் வெளியூரில் இருப்பான். அண்ணன் சொன்ன எதையும் பிரகதீஸ்வரி மறுத்ததில்லை. அந்த ஒரு நாள் வரை.

எங்கள் பக்கத்தில் குழந்தையின் காது தாய்மாமனுக்கு உரியது. தோடும் துணியும் பழத்தட்டும் சீராகக் கொண்டுவந்து, தன் மடியில் உட்காரவைத்து அவன்தான் காது குத்த வேண்டும். ராம்கிக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு வருஷம் வேலை மாறினான். ஒரு வருஷம் விமானமே ஓடவில்லை. "அடுத்த தைக்குக் கட்டாயம் வந்துர்றேன் பாப்பா" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொன்னான். அவள் மகள் நிறைமதி மொட்டைக் காதோடு நான்காம் வகுப்புக்குப் போய்விட்டாள்.

ஒருநாள் அந்தப் பெண் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்றாள். இரண்டு காது மடலிலும் சிவப்பாக ஏதோ தெரிந்தது. பிரகதீஸ்வரி கிட்டே போய்ப் பார்த்தாள். ஸ்டிக்கர் பொட்டு. அம்மாவின் பொட்டு அட்டையிலிருந்து இரண்டை எடுத்து மகள் தோடாக ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடச் சொல்லி, குத்தாலத்தில் ஒரு நகைக்கடைக்குக் கூட்டிப்போய் அவள் காது குத்திவிட்டாள். மடியும் இல்லை, மாமனும் இல்லை. போனில் சொன்னபோது ராம்கி "குத்திட்டியா?" என்று மட்டும் கேட்டான். வைத்துவிட்டான். அதன்பின் பல மாதம் அவனிடமிருந்து போன் வரவில்லை.

இடது காது ஆறிவிட்டது. வலது காதின் பின்பக்கத்தில், துளையை ஒட்டி, மிளகு அளவுக்கு ஒன்று எழும்பியது. தொட்டால் கெட்டியாக, மினுமினுப்பாக இருந்தது. அரித்தது. மிளகு கொண்டைக்கடலையாயிற்று. புண்ணென்று மஞ்சள் பற்றுப் போட்டார்கள், தோட்டைக் கழற்றினார்கள், அது நிற்கவில்லை. நிறைமதி ரெட்டைச் சடையைக் காதுக்குமேல் இறக்கிக் கட்டச் சொன்னாள். வகுப்பில் அதற்குப் 'பலாக்கொட்டை' என்று பெயர் வைத்திருந்தார்கள். பிரகதீஸ்வரி அந்தச் சமயத்தில் யாரிடமும் சத்தம்போட்டுப் பேசி நான் கேட்கவில்லை. நாற்றங்காலில் பூவாளியைப் பிடித்தபடி நிற்பாள். தண்ணீர் தீர்ந்த பிறகும் நிற்பாள். புற்றுநோயாக இருக்குமோ என்ற பயம் அப்போதே அவளைப் பிடித்துக்கொண்டதாகப் பிறகு சொன்னாள்.

இந்த இடத்தில் தங்கமணி வருகிறாள். வளவனின் அக்காள். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தவள். அவள் கெட்டவள் அல்ல என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்ல மாட்டேன்.

குறுவை விதைப்பு நெருக்கடி. பிரகதீஸ்வரி காலையிலிருந்து நாற்றங்காலில் இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த நிறைமதியை, ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லித் தங்கமணி கூட்டிப்போனாள். ஐஸ்கிரீமும் வாங்கித் தந்தாள். அதன்பிறகு, கட்டி அறுக்கிற ஒரு கம்பவுண்டரிடம் கூட்டிப்போனாள். அந்த ஆள் மருந்து தடவி, பிளேடால் அந்தக் கட்டியைச் சீவி எடுத்துவிட்டான்.

பிள்ளை காதில் பஞ்சோடு வீட்டுக்கு வந்தது. யூனிஃபார்ம் காலரில் ரத்தம்.

"சின்ன விஷயம் பிரகதி. நீ பார்த்துப் பார்த்துப் பயந்துகிட்டே இருந்த. நான் முடிச்சுட்டு வந்துட்டேன்" என்றாள் தங்கமணி.

"யாரக் கேட்டு அறுத்தீங்க அண்ணி?"

"என் தம்பி புள்ளைக்கு நான் யாரக் கேக்கணும்?"

"பெத்தவ நான் பத்தடி தள்ளி வாய்க்காலுக்கு அந்தாண்டதான நின்னேன்? ஒரு கூப்பாடு போடத் தெரியலயா உங்களுக்கு?"

"கூப்பிட்டா நீ விட்டிருப்பியா?"

"அதுக்குத்தான் கூப்பிடலயா?"

பிரகதீஸ்வரி கால் சேறோடு அந்தக் கம்பவுண்டர் கடைக்கு நடந்தே போனாள். அவன் ஷட்டரை இறக்கிவிட்டான். ஷட்டரைத் தட்டித் தட்டி அவள் பேசியதை நான் எழுத முடியாது. ஒன்றுமட்டும் சொல்கிறேன்: அவள் பேசியதில் தப்பான தகவல் ஒன்றுமில்லை.

சீவிய இடத்தில் முன்பைவிட வேகமாக வளர்ந்தது. தீபாவளி வருவதற்குள் நெல்லிக்காய் அளவாயிற்று. காது மடலை அது கீழே இழுத்தது. மாயவரத்தில் பார்த்து, தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். தோல் பிரிவில் ஒரு டாக்டரம்மா, வயது அதிகமிருக்காது. அவர் காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "இத யாரும்மா அறுத்தது?" என்பதுதான்.

"புத்துநோயாம்மா?" என்று பிரகதீஸ்வரி கேட்டாள்.

"இல்லவே இல்ல. அந்தப் பயத்த இங்கயே விட்டுட்டுப் போங்க. சில பேருக்குப் புண்ணு ஆறாது. சில பேருக்கு ஆறுறது நிக்காது. உங்க பொண்ணு தோலுக்கு நிறுத்தத் தெரியல. காயம் மூடின பிறகும் சதை போட்டுக்கிட்டே இருக்கு. சும்மா அறுத்தா இன்னும் பெருசாத்தான் வரும்."

"குத்துனது நாந்தாம்மா."

"யார் குத்தியிருந்தாலும் வந்திருக்கும். வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா? உங்க பக்கம், அவரு பக்கம்?"

பிரகதீஸ்வரி யோசித்துப் பார்த்து, இல்லை என்றாள். அந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாதம் ஒருமுறை கட்டிக்குள்ளேயே ஊசி போட வேண்டும். பிறகு காதை அழுத்திப் பிடிக்கும் கிளிப் ஒன்று போட வேண்டும். அறுக்கக் கூடாது, இனி உடம்பில் எங்கேயும் குத்தக் கூடாது. சொறியவும் கூடாது, அரித்தால் மெதுவாகத் தட்டிக்கொள்ள வேண்டும். இவ்வளவும் டாக்டரம்மா சொன்னது. அந்த ஊசி சாதாரண ஊசி அல்ல. கெட்டிச் சதைக்குள் மருந்து இறங்கும்போது உயிர் போகிற வலி. முதல் ஊசிக்கு நிறைமதி அசையாமல் இருந்தாள், தெரியாததால். அடுத்த தடவை கட்டிலைவிட்டுக் குதித்து ஓடினாள். வளவன் பார்க்க முடியாமல் வெளியே போய் நின்றுகொண்டான். பிரகதீஸ்வரி ஒருத்தியால் பிடிக்க முடியவில்லை. மருந்து பாதி வெளியே போயிற்று.

"அடுத்த தடவ இறுக்கிப் புடிக்கிற ஆளா ஒருத்தரக் கூட்டிட்டு வாங்கம்மா" என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார்.

ஆஸ்பத்திரி ஒரு பக்கம் இப்படிச் சொல்ல, சொந்தக்காரர்கள் வேறொரு முடிவுக்கு வந்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் குத்தாத காது. அதனால்தான் சதை வைக்கிறது. முறைப்படி மாமன் மடியில் உட்காரவைத்து அதே காதில் கட்டிக்குமேலே ஒரு துளை போட்டால், தப்பாக வைத்த சதை தானே வற்றிவிடும். இதை யார் முதலில் சொன்னார்கள் என்று விசாரித்துப் பார்த்தேன். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் காட்டினார்கள். ஆனால் எல்லோரும் நம்பினார்கள். பிரகதீஸ்வரியின் அவசரம்தான் பிள்ளையின் காதில் காய்த்துத் தொங்குகிறது என்று அவள் காதுபடவே பேசினார்கள். அறுத்த தங்கமணியை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தங்கமணி சிங்கப்பூருக்குப் போன் போட்டாள். ராம்கி உடைந்துபோனான் என்றுதான் சொல்ல வேண்டும். தான் வராத குற்றம் மருமகள் காதில் விழுந்துவிட்டது என்று அவன் உண்மையாகவே நம்பினான். அடித்துப்பிடித்துச் சித்திரைக்கு லீவு வாங்கினான். நான்கு ரோட்டில் அவன் படமும் நிறைமதி படமும் போட்டு 'காதணி விழா' என்று ஃபிளெக்ஸ் வைத்தார்கள். படத்தில் நிறைமதியின் வலது காதை மாலையால் மறைத்திருந்தார்கள்.

பிரகதீஸ்வரி ஒரு வாரம் மறுத்தாள். வளவன் கெஞ்சினான்: "உங்க அண்ணன் அழுவுறான். மடியில உக்காரட்டும், போட்டோ எடுத்துக்கட்டும். ஒரு நாள் கூத்துதானே?" கடைசியில் அவள் அண்ணனிடமே பேசினாள். போனை ஸ்பீக்கரில் போட்டு, எங்கள் வீட்டுப் பெண்களையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு பேசினாள்.

"உக்காரலாம். துணி போடலாம். ஊசி மட்டும் கிடையாது. பத்தர் தங்கக் கம்பியால தொட்டுட்டு எடுத்துரணும். சரியா அண்ணே?"

"சரி பாப்பா."

"சத்தியமா?"

"எம்மேல சத்தியம்."

விழா வீரன் கோயிலில் நடந்தது. வளவன் வீட்டுக் குலதெய்வம். வயலுக்கு நடுவே ஒரு திட்டில் நிற்கிற சின்னக் கோயில். வயல்கள் அறுத்துக் காய்ந்து கிடந்தன. அக்னி வெயில் தொடங்கும் முன்பே அந்தக் கொதி கொதித்தது. மேளத்தோடு சீர் வந்தது. ராம்கியின் மனைவி பழத்தட்டோடு முன்னால் நின்றாள். ராம்கி பட்டு வேட்டி கட்டி, சட்டையைக் கழற்றிவிட்டு, அகலத் துண்டால் மார்பை மூடிப் போர்த்தியிருந்தான்.

"தம்பி, வீரன் முன்னால துண்டு தோள்ல கெடக்கக் கூடாது. இடுப்புல கட்டுங்க" என்றார் பூசாரி.

"இருக்கட்டும் பூசாரி. லேசா குளிருது."

கூட்டம் சிரித்தது. "சித்திரையில குளிருதாம்யா! அங்க ஏசியிலேயே ஊறிட்டாருல்ல?" என்றார் ஒரு பங்காளி. "மாமாவுக்குக் கம்பளி கொண்டாங்கடா" என்றது இன்னொரு குரல்.

பூசாரி விடவில்லை. "எந்த ஊர் ஏசியா இருந்தாலும் வீரனுக்கு மரியாதை மரியாதைதான்."

ராம்கி துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நான் பக்கத்தில் நின்றேன், பார்த்தேன். மார்பின் நடுவிலிருந்து இடது பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த சதை. மினுமினுப்பாக, கெட்டியாக, ஓரங்களில் வயல் நண்டு காலை விரித்ததைப்போல் நீட்டிக்கொண்டு இருந்தது. பலர் பார்த்தார்கள். வெல்டிங் வேலை, தீக்காயம் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிரகதீஸ்வரி குங்குமத் தட்டோடு எதிரில் நின்றாள். அவள் பார்வை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அண்ணன் சிங்கப்பூர் போவதற்கு முன் அந்த மார்பில் ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரியும். மகளின் காதில் தினமும் பார்க்கிற அதே நிறம், அதே மினுமினுப்பு.

நிறைமதியை மடியில் உட்காரவைத்தார்கள். சடையை அவிழ்த்துக் காதை வெளியே எடுத்தார்கள். பத்தர் பெட்டியைத் திறந்தார். கையில் எடுத்தது தங்கக் கம்பி அல்ல. ஊசி.

"அம்மா! ஊசிம்மா!" என்று பிள்ளை அலறியது. ராம்கியின் கை அதன் நெற்றியைச் சுற்றி வளைத்து இறுக்கியது.

"அண்ணே, தொடுறது மட்டும்னு சொன்ன."

"ஒரே ஒரு பொட்டு பாப்பா. எறும்பு கடி மாதிரி. கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள ஆயிரும்."

"சத்தியம் பண்ணின."

தங்கமணி குறுக்கே வந்தாள். "ஒரு சொட்டு ரத்தம் காட்டாம மாமன் மடிக்கு என்ன மரியாதை? ராம்கி தம்பிகிட்ட நாந்தான் எடுத்துச் சொன்னேன். நீ தள்ளி நில்லு பிரகதி. நீ பண்ணின கோலத்துக்குத்தான் இவ்வளவு பாடும்."

பிரகதீஸ்வரி தட்டைக் கீழே வைத்தாள். எறியவில்லை, வைத்தாள். அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தாள். பிள்ளையின் நெற்றியிலிருந்து அவன் கையை இரண்டு கையாலும் பிடித்து விலக்கினாள். இதைத்தான் அடித்தாள் என்கிறார்கள்.

"இது என்ன?" அவள் விரல் அவன் மார்பைக் காட்டியது.

"அதுவா... வெல்டிங் பொறி பட்டது. பழசு."

"பொறி எம்மாம் பெருசு?"

"பொறி என்ன பாப்பா, ஒரு மிளகு அளவு இருக்கும்."

"மிளகு பட்ட எடம் ஏன் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கு?"

ராம்கி துண்டைத் தேடினான். அது இடுப்பில் இருந்தது.

"அறுத்தியா?"

"பாப்பா, இதெல்லாம் இப்ப எதுக்கு? நேரம் போவுது."

தங்கமணி என் பக்கம் திரும்பினாள். "பெரியப்பா, நேரம் இருக்கா?"

நேரம் இருந்தது. இருக்கிறது என்றேன். கடிகாரம் காட்டுவதை மாற்றிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"அறுத்தியான்னு கேக்கறேன்ல?"

"அங்க ஒரு கிளினிக்ல. ஒரு தடவ."

"அப்பறம்?"

ராம்கி இடுப்புத் துண்டை அவிழ்க்கப் பார்த்தான்.

"அறுத்தப்பறம் என்னாச்சு? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

"பெருசாச்சு."

மேளக்காரர் என்ன நினைத்தாரோ, இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். பத்தர் ஊசியை உயர்த்திப் பிடித்தபடியே, "குத்தவா, வேணாமா? யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்களேன்" என்றார்.

அப்போதுதான் அவள் கத்தினாள். அதுவரை கத்தவில்லை.

"உன் மடி இல்லாமப் போனதாலதான் வந்துச்சுன்னு இத்தன மாசமா என்னைத் தின்னீங்களேடா! எம் புள்ள மூஞ்சியப் பாக்க முடியாம, நம்ம கையாலயே கெடுத்துட்டோமேன்னு செத்துக்கிட்டிருந்தேன். இது மடியில இல்ல, உன் ஒடம்புல இருக்கு. நம்ம அப்பன் வீட்டுத் தோலு இது. எனக்கு வெளிய தெரியல, அவளுக்குத் தெரிஞ்சிருச்சு. வீட்ல யாருக்காச்சும் இருக்கான்னு டாக்டரம்மா கேட்டாங்க. இல்லன்னு அடிச்சுச் சொன்னேன். சட்டைக்குள்ள இத வச்சுக்கிட்டு, நீ எனக்கு போன்ல மாமன் மொறை சொல்லிக் குடுத்தியா? அறுத்தா என்ன ஆவும்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீதான். நீயே எம் புள்ள காதுக்கு ஊசி கொண்டாந்துட்டியே!"

"ரெண்டும் ஒண்ணுன்னு நெனக்கல பாப்பா." ராம்கியின் குரல் உள்ளே போய்விட்டது. "இது நெருப்புப் பட்டது... அது மொறை தப்பினதுன்னு சொன்னாங்க. எனக்குப் பொண்ணு பாத்தப்ப இது தெரியக் கூடாதுன்னு மறைச்சேன். அப்படியே மறைச்சுப் பழகிப்போச்சு."

தங்கமணி வாயைத் திறந்தாள். "நீங்க பேசாதீங்க அண்ணி" என்றாள் பிரகதீஸ்வரி, திரும்பிக்கூடப் பார்க்காமல். தங்கமணி பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நிறைமதி இன்னும் மாமன் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். அழுகையை நிறுத்திவிட்டுக் கழுத்தைத் திருப்பி அந்த மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக ஒரு விரலால் தொட்டாள்.

"மாமா, இது அரிக்குமா?"

"அரிக்கும்டா" என்றான். "தூங்கவே விடாது."

"எனக்கும். சொறியக் கூடாது மாமா. இப்படித் தட்டிக்கணும்." உள்ளங்கையால் அவன் மார்பைத் தட்டிக் காட்டினாள்.

ராம்கி தலையைக் குனிந்துகொண்டான். அவன் கண்ணீர் பிள்ளையின் தலைமேல் விழுந்ததாக ஊரில் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை, நின்ற இடத்திலிருந்து அவன் முகம் தெரியவில்லை. குரல்தான் கேட்டது.

"பத்தரே, பொட்டிய மூடுங்க."

"அப்ப விழா?" என்றார் பங்காளி. "எலையப் போடலாமா, வேண்டாமா? சாம்பார் ஆறுது" என்று பின்னாலிருந்து சமையல்காரர் கேட்டார்.

"காதுக்கும் சாம்பாருக்கும் என்ன? போடுங்க எலைய" என்றாள் பிரகதீஸ்வரி.

அவளே பரிமாறினாள். கோபம் ஒரு துளிகூட இறங்கியிருக்கவில்லை. என் இலையில் அவள் ஊற்றிய வேகத்தில் சாம்பாரில் பாதி ஜமுக்காளத்துக்குப் போயிற்று. அண்ணன் இலைக்கு வந்தபோது அப்பளத்தை வைத்துவிட்டு, "வியாழக்கெழம காலையில முதல் பஸ்ஸு, தஞ்சாவூருக்கு. சட்டை போட்டுக்கிட்டே வா. அங்க கழட்டிக்கலாம்" என்றாள்.

தஞ்சாவூரில் நடந்ததற்கு நான் சாட்சி இல்லை. நிறைமதியும் வளவனும் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் ஒத்திருந்ததால் எழுதுகிறேன். டாக்டரம்மா ராம்கியின் மார்பைப் பார்த்தார், பிள்ளையின் காதைப் பார்த்தார், "வீட்ல யாருக்கும் இல்லன்னீங்களே?" என்றார்.

"பெட்டியில பூட்டி வச்சிருந்தாங்க. இப்பத்தான் சாவி கெடச்சுது" என்றாளாம் பிரகதீஸ்வரி.

நர்ஸ் வந்து, பிடிக்கிறதுக்கு ஆள் கூட்டிவந்தீர்களா என்று கேட்டார். பிரகதீஸ்வரி அண்ணனைக் காட்டினாள். ஒரு ஸ்டூலில் அவன் உட்கார, மடியில் நிறைமதியை உட்காரவைத்தார்கள். கோயிலில் வளைத்த அதே கையால் அவள் நெற்றியை வளைத்தான். ஊசி இறங்கியபோது பிள்ளை அவன் மணிக்கட்டைக் கடித்துவிட்டது. பல்தடம் விழுந்தது. அவன் கையை எடுக்கவில்லை. மருந்து முழுவதும் உள்ளே போயிற்று.

"புடிச்சுக்க. விட்டுறாத" என்று கதவோரம் நின்று பிரகதீஸ்வரி சொன்னாள். அன்று முழுக்க அவள் அண்ணனிடம் பேசியது அவ்வளவுதான். அடுத்து அவன் மார்பில் ஊசி போட்டபோது அவன் போட்ட சத்தம் வராந்தாவரை கேட்டதாம். நிறைமதி சிரித்துக்கொண்டே, "தட்டிக்குங்க மாமா, தட்டிக்குங்க" என்றாளாம். திரும்பி வரும் பஸ்ஸில் பிரகதீஸ்வரி தனி சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

லீவு முடியும்வரை ஊசிக்கு அவனே கூட்டிப்போனான். அவன் போன பிறகு வளவன் மனதைத் திடப்படுத்திக்கொண்டு பிடிக்கப் பழகிவிட்டான். ஊசி நாளுக்கு முதல் நாள் சிங்கப்பூரிலிருந்து நிறைமதிக்குப் போன் வரும். இரண்டு பேரும் எது அரித்தது, எவ்வளவு அரித்தது என்று பேசிக்கொள்வார்கள். பிரகதீஸ்வரி போனை வாங்கிப் பேசத் தொடங்கியது ஆடிப்பெருக்கு கழிந்த பிறகுதான். அதுவும் இரண்டு வார்த்தை.

நெல்லிக்காய் தட்டையாகி வருகிறது. முழுவதும் போகவில்லை; போகுமா என்று டாக்டரம்மாவும் உறுதி சொல்லவில்லை. காதில் தோடு கிடையாது. நிறைமதி சடையை இப்போது மேலே தூக்கிக் கட்டுகிறாள்.

போன வாரம் தங்கமணி குழாயடியில் சொன்னதாக ஒரு சேதி வந்தது: "பாத்தீங்களா? நான் அப்பவே சொல்லல? மாமன் மடியில ஊசி ஏறினப்பறம்தான் அது வத்த ஆரம்பிச்சுது."

பிரகதீஸ்வரி நாற்றங்காலில் இருந்தாள். கையில் பூவாளி. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், தண்ணீர் சிந்தச் சிந்த வாய்க்காலைத் தாண்டித் தெருவழியே தங்கமணி வீட்டு வாசலுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அங்கே அவள் பேசியது தெருவுக்கே கேட்டது. பேச்சு முடியும்போது பூவாளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நாளைக்கு ஊரில் வேறு விதமாகச் சொல்வார்கள் என்பதால் இப்போதே எழுதி வைக்கிறேன். அன்றும் அவள் யாரையும் அடிக்கவில்லை.